கம்பியில் ஏறிய எறும்பு

அவித்த முட்டைகளை உரித்து, மஞ்சள் கருவை மட்டும் பிரித்து ஒரு கிண்ணத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தான் சின்னதுரை. ஆறு முட்டையின் மஞ்சளும் காந்திமதி அம்மாளின் வீட்டுப் பூனைக்குப் போகும். மஞ்சள் கரு கொழுப்பு, சோறு மாவு, மாவு தின்றால் தொப்பை என்று இளவயதில் ஒருவர் சொன்னது அவன் மண்டையில் ஆணியாக இறங்கியிருந்தது. இத்தனை பத்தியத்துக்குப் பிறகும் தொப்பை எங்கிருந்து வந்தது என்று காந்திமதி கேட்டால், சாயங்காலத்து பஜ்ஜியைப் பற்றி மட்டும் அவன் வாயைத் திறக்கமாட்டான்.

அந்த ஒருவர் அன்று காலை பத்து மணிக்கு காந்திமதியின் வீட்டுக்கே நேரில் வந்து நின்றார்.

ராஜாமணி மாஸ்டரை விழுப்புரத்தில் தெரியாதவர்கள் குறைவு. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருபத்தெட்டு வருடமாக உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். சின்னதுரையும் அங்கே பயின்று, ஒரு முறை மாவட்டப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவன்தான். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்வீட்டில் இருப்பவர் காந்திமதி. அரசு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் பாலையும் மிளகாய்த் தூளையும் சோதித்து ஓய்வு பெற்றவர். போலீஸ் கைவிட்ட சிக்கல்களை ஊர்க்காரர்கள் அவரிடம் கொண்டுவருவார்கள். கடையைப் பூட்டிவிட்டு அவர் பின்னால் ஓடுவது சின்னதுரைக்குப் பிடித்த வேலை.

ஒரு காலத்தில் கதவு நிலையை அடைத்துக்கொண்டு நடந்த மனிதர், கைத்தடி ஊன்றி வந்தார். வலது கை நடுங்கியது. கண்ணில் மட்டும் பழைய சூடு இருந்தது.

"ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்கம்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

உட்கார்ந்து விவரத்தைச் சொன்னார். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். விடியற்காலை ஐந்தே காலுக்குக் கூடத்தைத் திறந்து தன் எடைக் கம்பியைத் தூக்குவார். ஆறு மணிக்கு விரலைக் குத்தி மீட்டரில் சர்க்கரை பார்ப்பார். மீட்டர் எவ்வளவு காட்டினால் எவ்வளவு இன்சுலின் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு சுவரில் ஒட்டியிருக்கும். அதன்படி ஊசி போட்டுக்கொண்டு, ஆறரைக்கு முட்டை வெள்ளைக்கரு தின்பார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் ஆணழகன் போட்டி நடந்த அன்று காலை, மீட்டர் நானூற்று முப்பத்தெட்டு காட்டியது. சீட்டில் இருந்ததிலேயே பெரிய அளவைப் போட்டுக்கொண்டார். ஏழு மணிக்கு வியர்த்துக் கொட்டி, சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை வெறும் முப்பத்தெட்டுதான் இருந்தது. நினைவு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. கை நடுக்கம் போகவே இல்லை. ஞாபகப் பிசகில் இரண்டு ஊசி போட்டிருப்பார் என்று டாக்டர் சொல்ல, போலீசும் அதையே எழுதிக் கோப்பை மூடிவிட்டது.

"ஒரு ஊசிதான் போட்டேன். மருந்துக் குப்பியில மிச்சம் இருக்கறதப் பாத்தாலே தெரியும். எவனோ வேலை பண்ணிட்டான்."

அந்த எவன் யார் என்றும் அவரே முடிவு செய்திருந்தார். ஒருவன் தேவா. ஆறு வருடம் வளர்த்துவிட்ட பிள்ளை, போட்டிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது திண்டிவனத்தில் வேறு கூடத்துக்குத் தாவிவிட்டான். இன்னொருவன் அங்கே உடம்பு வளர்க்கும் பவுடர் விற்கும் சப்ளிமென்ட் கடை வைத்திருக்கும் வல்லரசு. மாவை டப்பாவில் அடைத்து விற்கிற திருடன் என்று மாஸ்டர் அவனைப் பத்துப் பேர் நடுவில் திட்டியிருக்கிறார். அந்தக் கோபத்தில் வல்லரசு ஒரு டப்பா கார்ப் பவுடரை, அதாவது மாவுச்சத்துப் பொடியை, கூடத்துக்கே கூரியரில் அனுப்பி வம்பு செய்தான். மாஸ்டர் வாசலிலேயே அதைச் சாக்கடையில் கொட்டச் சொல்லிவிட்டார்.

"விழுந்தப்போ உங்களைக் காப்பாத்தினது யாரு?" என்றார் காந்திமதி.

"மாரியப்பன். என் கூடத்தையே பாத்துக்கறவன். பசங்க மீட்டரைப் பாத்து மிரண்டு நின்னானுங்களாம். இவன்தான் ஏதோ இனிப்பை வாயில அப்பி, ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கினு போனான். அது இல்லன்னா நான் இல்லன்னு டாக்டரே சொன்னாரு."

"கூடத்துல இனிப்பு வெச்சிருப்பீங்களா?"

மாஸ்டர் அவமானப்பட்டவர்போல நிமிர்ந்தார். "என் கூடத்துலயா? இருபத்தெட்டு வருஷத்துல ஒரு துளி சர்க்கரை வாசப்படி தாண்டினதில்லம்மா. பையைச் சோதிச்சுத்தான் உள்ளவே விடுவேன். மாரியப்பனுக்கும் அதே சட்டம்தான். இப்பதான் டாக்டரு சொன்னாருன்னு அவன் சட்டைப் பையில குளுக்கோஸ் பாக்கெட் வெச்சிக்கினு திரியறான். நான் அதத் தொடறதுகூட இல்ல."

காந்திமதி அதை ஒரு தாளில் எழுதி அடிக்கோடு போட்டார். சின்னதுரைக்கு அடிக்கோடு எதற்கென்று புரியவில்லை. அவன் மனம் போன வருடத்துக்குப் போயிருந்தது. பூமாலை என்ற பையன் இதே கூடத்திலிருந்து போட்டிக்குப் போய், மேடைக்குப் பின்னால் விழுந்து, மறுநாள் இறந்துபோனான். மாரியப்பனுக்குத் தம்பி. சின்னதுரை அந்தப் பேச்சை மெல்ல எடுத்தான்.

"அதுக்கும் என்னைத்தான் கை காட்டினானுங்க" என்றார் மாஸ்டர். "அவன் நெஞ்சு பலவீனம், போய்ட்டான். என் மேல தப்பு இருந்தா அவன் அண்ணனே எங்கிட்ட இருப்பானா? அதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

*

இருவரும் கூடத்துக்குப் போனபோது சுவரில் சட்டப் பலகை அப்படியே இருந்தது. சின்னதுரைக்கு அது மனப்பாடம். சோறு, சர்க்கரை பேச்சு கூடாது. மாஸ்டரின் கம்பியை யாரும் தொடக்கூடாது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கையில் தண்ணீர் படக்கூடாது, சூடான நரம்பு இழுத்துக்கொள்ளும். துணி இஸ்திரி போட்டவளைத் தண்ணீரில் கை வைக்காதே என்று வீட்டில் சொல்வார்களே, அதையே மாஸ்டர் கூடத்துக்கும் சட்டமாக்கியிருந்தார். எல்லோரும் துண்டில் துடைத்துக்கொண்டுதான் போவார்கள். சின்னதுரை இன்றைக்கும் சைக்கிள் மிதித்து வந்தால் அரை மணி நேரம் கை கழுவமாட்டான்.

மாரியப்பனுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். கேட்டதை எல்லாம் எடுத்துக் காட்டினான். மீட்டரை அன்றாடம் மாஸ்டர் கையில் எடுத்துக் கொடுப்பது அவன்தான். அதன் நினைவில் மாஸ்டர் விழுந்த அன்று காலை ஆறு மணி இரண்டு நிமிடத்தில் 438 என்று பதிவாகியிருந்தது. முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் நூற்றைம்பதைத் தாண்டவில்லை.

மாஸ்டரின் கம்பி மூலையில் தனியாகக் கிடந்தது. அவர் விழுந்த நாளுக்குப் பிறகு யாரும் தொடவில்லை. பக்கத்தில் கைப்பொடிச் சட்டி. எடை தூக்கும்போது வழுக்காமலிருக்க உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளும் வெள்ளைப் பொடியைத்தான் அங்கே கைப்பொடி என்பார்கள். மாஸ்டருக்குத் தனிச் சட்டி, மற்றவர்களுக்குப் பொதுச் சட்டி. பொதுச் சட்டி நசுங்கிக் கறுத்த அலுமினியம். மாஸ்டருடையது பளபளவென்று புதிதாக இருந்தது.

பழையது ஓட்டை விழுந்துவிட்டது, புதிது வாங்கினேன் என்றான் மாரியப்பன்.

சின்னதுரை ஆசை தாங்காமல் கம்பியைத் தொட்டான். சுருக்கென்று விரலில் ஏதோ கடித்தது. கம்பியில் பிடிப்புக்காகச் செதுக்கியிருந்த சொரசொரப்பு முழுக்கச் சிற்றெறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. மற்ற கம்பிகளில் ஓர் எறும்புகூட இல்லை. காந்திமதி பஞ்சை நனைத்து அந்தக் கம்பியை நாலு இடத்தில் ஒற்றி எடுத்து ஒரு சிறு புட்டியில் போட்டுக்கொண்டார். மாரியப்பன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. மாஸ்டர் விழுந்த அன்று பணியில் இருந்த நர்ஸ் ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்திருந்தாள். மாஸ்டரின் பல்லிலும் நாக்கிலும் வெள்ளையாக எதுவோ அப்பியிருந்ததாம். சர்க்கரை என்றால் எச்சிலில் கரைந்திருக்கும். இது கரையவில்லை, ஈரத்துணியால் மூன்று தடவை துடைக்க வேண்டியிருந்தது, சுண்ணாம்பு மாதிரி என்றாள்.

"வல்லரசு பவுடராத்தான்க்கா இருக்கும்" என்றான் சின்னதுரை, வெளியே வந்ததும். "விஷம் வெச்சுட்டான்."

"வாயில அப்பினது விழுந்ததுக்கு அப்புறம் துரை. விஷம்னு ஒண்ணு இருந்தா அது முன்னாடியே வேலை செஞ்சிடுச்சு" என்றார் காந்திமதி.

*

மறுநாள் பேருந்தில் திண்டிவனம் போனார்கள். வல்லரசின் கடையில் தரையிலிருந்து கூரைவரை டப்பாக்கள். டப்பா ஒவ்வொன்றிலும் புடைத்த புஜம். அவன் பயப்படுகிற ஆளாகத் தெரியவில்லை.

மாஸ்டர் திட்டியது பாதி சரிதான் என்று அவனே ஒப்புக்கொண்டான். "உடம்பு ஏத்தற மாஸ் கெய்னர்னு வாங்கினு போறாங்களே, முக்காவாசி மாவுங்க. டப்பா பின்னாடி அச்சுலயே இருக்குது. எவன் படிக்கறான்? புரோட்டீன்னு நெனச்சு நாள் முழுக்கக் குடிச்சுட்டு வயிறு வெச்சுடுச்சுன்னு எங்கிட்டயே வந்து பேஜாரு பண்றான்."

சின்னதுரைக்கு முகம் சுருங்கியது. அவன் வீட்டில் அந்த டப்பா இரண்டு காலியாகியிருந்தன.

மாஸ்டருக்கு அனுப்பியது சுத்தமான டெக்ஸ்ட்ரோஸ் பவுடர் என்றான் வல்லரசு. குளுக்கோஸேதான், பெயர்தான் வேறு. மாவே விஷம் என்று பயமுறுத்தும் மனுஷனுக்குக் கடுப்பேற்றத்தான் அனுப்பினான். கூடத்துப் பக்கம் அவன் போய் வருடக்கணக்காகிறது.

தேவாவைப் புதுக் கூடத்தில் பார்த்தார்கள். அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவன் மாஸ்டரிடம் ஆசி வாங்க வந்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. சின்னதுரை நிமிர்ந்து உட்கார்ந்தான். தேவாவே மறைக்காமல் சொன்னான். மாஸ்டர் விரல் குத்துவதைப் பார்த்தான், 438 என்று மீட்டர் காட்டியதையும் பார்த்தான். துரோகி என்று திட்டிவிட்டு, போகும்போது மனம் இறங்கிக் கை கொடுத்தாராம்.

"அவரு கை பிசுபிசுன்னு ஒட்டிச்சுங்க. வேர்வைன்னு நெனச்சேன். பஸ்ல வர்றப்போ என் கையில எறும்பு ஏறிச்சு."

பேச்சோடு பேச்சாகப் பூமாலையின் கதையும் வந்தது. போட்டிக்கு முன் பன்னிரண்டு நாள் அவனுக்குச் சோறு கிடையாது, உப்பு கிடையாது. கடைசி இரண்டு நாள் தண்ணீரும் கிடையாது. தோல் ஒட்டி நரம்பு தெரிய வேண்டும் என்பது மாஸ்டரின் பழைய பாடம். மிச்சத்துக்கு மாரியப்பனின் அம்மாவைக் கேளுங்கள் என்றான்.

*

மண்டகப்பட்டில் மாரியப்பனின் அம்மா குப்பம்மாள் மல்லாட்டைக் கொடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். யாரோ கொல்லையிலிருந்து பறித்த கொடிகள் வாசலில் மலையாகக் கிடந்தன. மாரியப்பன் வேலைக்குப் போயிருந்தான். கிராம நர்ஸ் வந்து கிழவிக்குச் சர்க்கரை பார்க்கும் நாள் அது. நர்ஸ் விரலைக் கேட்டதும் குப்பம்மாள் எழுந்துபோய் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டு வந்து நீட்டினாள்.

"மண்ணு போக ஒரு தரம் போதுமே ஆயா" என்றான் சின்னதுரை.

"எங்க பெரியவன் கொன்னுடுவான்" என்று சிரித்தாள் அவள். இரண்டு வருடத்துக்கு முன் பண்ருட்டிச் சந்தையிலிருந்து பலாப்பழம் வந்ததாம். சுளை எடுத்த கையோடு விரலைக் கொடுத்தாள். மீட்டர் ஐந்நூறு என்று காட்ட, வீடே அழுதது. நர்ஸ் கையைக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தால் நூற்றிருபதுதான். அன்றிலிருந்து மாரியப்பன் பக்கத்தில் நின்று கழுவ வைப்பான்.

நர்ஸ் போன பிறகு காந்திமதி பூமாலையைப் பற்றிக் கேட்டார். குப்பம்மாளின் கை மல்லாட்டைக் கொடியிலேயே நின்றுவிட்டது. மேடைக்குப் பின்னால் பிள்ளை விழுந்தபோது அவளும் அங்கே இருந்தாள். நாக்கை நீட்டித் தண்ணீர் கேட்டான். மாரியப்பன் டம்ளரில் குளுக்கோஸ் கரைத்து வாயருகே கொண்டுபோனான். மாஸ்டர் அதைத் தட்டிவிட்டார். இன்னும் பத்து நிமிஷம், மேடை ஏறி இறங்கட்டும், இப்போது குடித்தால் உடம்பு உப்பிவிடும் என்றார். தரையில் கொட்டியதைப் பிள்ளை நக்கப் பார்த்தான் என்று சொன்னபோது அவள் அழவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் அழுகை எப்போதோ வற்றியிருந்தது.

புகார் கொடுக்கவில்லையா என்று காந்திமதி கேட்டார். போனோம், எழுதிக் கொடுக்க ஆளில்லை என்றாள். காந்திமதி தாளை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டிக் கைரேகை வாங்கினார்.

*

வெள்ளிக்கிழமை காலை காந்திமதி எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். மாஸ்டர் நாற்காலியில், தேவாவும் வல்லரசும் எதிர் பெஞ்சில், மாரியப்பன் வழக்கம்போல் சுவர் ஓரமாக நின்றான். மாஸ்டர் தேவாவைப் பார்த்த பார்வையில் ஆள் எரிந்துபோகாதது ஆச்சரியம்.

"துரை, கையை நீட்டு" என்றார் காந்திமதி. கைப்பொடியும் வல்லரசின் பவுடரும் கலந்து கொண்டுவந்ததை அவன் விரல்களில் தேய்த்து, துண்டால் துடைத்தார். பிறகு குத்தினார். மீட்டர் 421 காட்டியது.

சின்னதுரைக்கு டப்பா டப்பாவாகக் குடித்த கெய்னர் கண் முன் வந்து போயிற்று. அவனை இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து மறு விரலைக் குத்தினார். தொண்ணூற்றாறு.

"மாஸ்டர், அன்னைக்கு உங்க ரத்தத்துல சர்க்கரை ஏறவே இல்ல. உங்க விரல்ல இருந்தது. உங்க கைப்பொடில யாரோ குளுக்கோஸைக் கலந்து வெச்சிருந்தாங்க. உங்க கம்பியில ஒத்தி எடுத்த பஞ்சைச் சோதிச்சுட்டேன், குளுக்கோஸ்தான். எறும்பு எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுடுச்சு. கை கழுவியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. கழுவக் கூடாதுன்னு சட்டம் போட்டவரு நீங்க. இல்லாத சர்க்கரைக்குப் பெரிய ஊசியாப் போட்டுக்கிட்டீங்க. அதுக்கு மேல ஒரு வாய் சோறும் இல்லாம வெள்ளைக்கரு."

மாஸ்டரின் கை வல்லரசை நோக்கி நீண்டது. "அவன் டப்பாதான."

"டப்பா அவருது. அதைச் சாக்கடையில கொட்ட யார்கிட்ட கொடுத்தீங்க?"

மாஸ்டரின் பதிலுக்குக் காத்திராமல் காந்திமதி தொடர்ந்தார்.

"அதையும் விடுங்க. நீங்க விழுந்தப்போ இங்க இருந்த எல்லாரும் 438-ஐப் பாத்திருந்தாங்க. சர்க்கரை ஏறி விழுந்தவருக்கு யாராவது இனிப்புக் கொடுப்பாங்களா? பசங்க கொடுக்கல, அதுதான் நியாயம். கொடுத்தது ஒரே ஆளு. மீட்டர் காட்டினது பொய்னு தெரிஞ்ச ஆளு."

"வேர்த்துக் கொட்டினதப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கலாமேக்கா" என்றான் சின்னதுரை. அவனுக்கு நம்ப மனமில்லை.

"சரி, கண்டுபிடிச்சார்னே வெச்சுக்குவோம். இனிப்புக்கு எங்க போனார்? இந்தக் கட்டடத்துல ஒரு துளி சர்க்கரை கிடையாதுன்னு மாஸ்டரே சொல்றார். வாயில அப்பினது கரையலன்னு நர்ஸ் சொல்றாங்க. கைப்பொடி தண்ணியில கரையாது துரை. கூடத்துல இனிப்பு இருந்தது ஒரே இடத்துல, அந்தச் சட்டியில. அது தெரிஞ்சவர் ஒருத்தர்தான் அதுல கையை விட முடியும். வீட்டுல அம்மாவை ரெண்டு தரம் கை கழுவ வெச்சு விரல் குத்த விடறவர், இங்க தினமும் மீட்டரை எடுத்து நீட்டறவர், ஒரு நாளும் உங்களைக் கழுவச் சொல்லல."

யாரும் சுவர் பக்கம் திரும்பத் தேவையிருக்கவில்லை. மாரியப்பனே முன்னால் வந்தான்.

"நான்தான்" என்றான். குரலில் பதற்றம் இல்லை. "சாவணும்னுதான் வெச்சேன். ஒரு வருஷம் இந்தக் கூடத்தப் பெருக்கிக்கினு, இவரு துண்டத் தொவச்சிக்கினு காத்திருந்தேன். அந்த டப்பா வந்துச்சு. இத்தினி நாளா நான் கேட்டது கெடச்சிடுச்சுன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏண்டா காப்பாத்தின?" என்றார் மாஸ்டர்.

"விழுந்து கெடந்தப்போ நாக்க நீட்டினீங்க மாஸ்டர். எங்க பூமாலை நீட்டின மாரியே. இவரு செத்துட்டா இவருக்கு இன்னா தெரியும்னு தோணிச்சு. என் தம்பிக்கு நீங்க தட்டிவுட்டத உங்களுக்கு நான் கொடுத்தேன். இனிமே நீங்க வுடற மூச்செல்லாம் நான் போட்ட பிச்சை. அதத் தெரிஞ்சிக்கினு நீங்க உயிரோட இருக்கணும்."

சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டான். கொலைக்குத் துணிந்தவன் மேல் வரவேண்டிய கோபம் அவனுக்கு வரவில்லை. அந்த டம்ளரைத் தட்டிவிட்ட கை மேல்தான் வந்தது. அந்தக் கையைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவன் அவன்.

மாஸ்டர் கைத்தடியை ஓங்கிக்கொண்டு எழுந்தார். இரண்டு அடிதான் வைத்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது, முழங்கால் மடங்கியது. காலையில் ஊசி போட்டுக்கொண்டவர், வெள்ளைக்கரு தவிர எதையும் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தும் சட்டத்தை மாற்றாத மனிதர். தேவா ஓடிப்போய்த் தாங்கினான்.

மாரியப்பன் சட்டைப் பையிலிருந்து குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தான். வாயில் போடவில்லை. உள்ளங்கையில் கொட்டி, மாஸ்டரின் முகத்துக்கு எதிரே நீட்டிக்கொண்டு நின்றான்.

கூடத்தில் வேறு இனிப்பு இல்லை. காந்திமதி நகரவில்லை. மாஸ்டரின் கண்ணில் எரிந்த வெறுப்பைப் பார்த்து, இவர் செத்தாலும் தொடமாட்டார் என்று சின்னதுரை நினைத்தான். தண்ணீர் கொண்டுவர எழுந்தும் விட்டான். அதற்குள் நடுங்கும் கை மெல்ல நீண்டு, அந்த உள்ளங்கையிலிருந்து அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. ஒன்றும் சிந்தாமல் மறுபடி அள்ளியது.

கால் மணி நேரம் கழித்து மாஸ்டருக்கு முகத்தில் நிறம் திரும்பியதும் காந்திமதி இரண்டு தாள்களை அவர் முன் வைத்தார்.

"யாருன்னு கேட்டீங்க, சொல்லிட்டேன். இது மாரியப்பன் மேல உங்க புகார். கையெழுத்துப் போட்டா ஸ்டேஷனுக்குப் போகும். இன்னொண்ணு உங்க மேல குப்பம்மாள் கொடுத்த புகார். ரேகை வெச்சாச்சு, நீங்க போட்டாலும் போடாட்டியும் இன்னைக்கே போகும். உங்களுதும் போனா ரெண்டையும் சேர்த்துத்தான் விசாரிப்பாங்க. இவர் ஏன் செஞ்சார்னு கேப்பாங்க. டம்ளர் கதைக்கு இவரே முதல் சாட்சி ஆயிடுவார். அதை யோசிச்சுக்குங்க."

போடாமல் விட்டால், பிள்ளையை இழந்த தாயின் வெறும் வாய்ச்சொல்லாக நிற்கும் கிழவியின் புகாருக்கு அவ்வளவு பலம் இருக்காது என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது. மாஸ்டருக்கும் புரிந்தது. அவர் மாரியப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரியப்பன் போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உதட்டோரம் ஒரு சிரிப்பு மட்டும் இருந்தது. அந்தச் சிரிப்புதான் மாஸ்டரைக் கவிழ்த்தது.

"நீ உள்ள போனாப் போதும்டா எனக்கு" என்று பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தாளில் அவர் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளையாக ஒட்டியது. மாரியப்பன் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டான். காப்பாற்றிய நாளிலிருந்து அவன் காத்திருந்தது, டம்ளர் கதையை ஸ்டேஷன் ஏற்றப்போகும் அந்தக் கையெழுத்துக்குத்தான் என்று சின்னதுரைக்கு அப்போது பட்டது.

ஸ்டேஷனுக்குக் காந்திமதி, சின்னதுரை, மாரியப்பன் மூவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். உள்ளே போகுமுன் மாரியப்பன் சின்னதுரையைத் தனியே அழைத்தான்.

"அண்ணே, எங்கம்மாவுக்கு மாசம் ஒருக்கா சுகர் பாக்க நர்ஸ் வரும். நான் இல்லன்னா அது கை கழுவ மறந்துடும். பக்கத்துல நின்னு கழுவ வெய்யுங்க."

சின்னதுரை தலையாட்டினான். உள்ளே எழுத்தர் இரண்டு தாள்களையும் வாங்கி மேசையில் வைத்தார். மாஸ்டரின் கையெழுத்து மேல் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டு, முதலில் எதைப் பதிவது என்று கேட்டார். கிழவியுடையதை என்றார் காந்திமதி.